மரத்துக்கு ஏது எர்த்?

டெஸ்ட் லேம்பைக் கையில் பிடித்துக்கொண்டு நான் அந்த விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அதன் கிளிப்பைக் கடிக்கவைக்க ஓர் இடம் கிடைக்கவில்லை.

டெஸ்ட் லேம்ப் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு சின்ன பல்பு. அதிலிருந்து இரண்டு வயர். ஒன்றின் நுனியில் ஊசி. இன்னொன்றின் நுனியில் முதலை வாய் மாதிரி ஒரு கிளிப். லாரியில் ஒரு விளக்கு எரியவில்லை என்றால், கிளிப்பை லாரியின் ஏதாவது ஓர் இரும்பில் கடிக்கவைத்துவிட்டு ஊசியால் வயரைக் குத்திப் பார்ப்போம். பல்பு எரிந்தால் அதுவரைக்கும் கரண்ட் வருகிறது. எரியாவிட்டால் வரவில்லை. இவ்வளவுதான் வித்தை. இதை வைத்துத்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

மலையில், புதூர்நாட்டுக்கு மேலே ஒரு புளிக் கொட்டகையின் வாசலில், தை மாதத்து வெயிலில், விமானம் நின்றது. வயரெல்லாம் இழுத்தாகிவிட்டது. பிளக்குகளுக்கெல்லாம் ஈயம் வைத்தாகிவிட்டது. ஸ்விட்சைப் போட்டால் ஒரு விளக்கு எரியவில்லை. எஞ்சினைத் திருப்ப வேண்டிய ஸ்டார்ட்டர் ஒரு முனகல்கூட விடவில்லை.

"இன்னாக்கா தேடற?" என்றான் என் தம்பி ஏழுமலை. விமானம் அவனுடையது.

"கிளிப்பு மாட்ட எடம் தேடறேன்."

"எங்கியாவது மாட்டுக்கா."

"எங்கடா மாட்றது? நீயே வந்து காட்டு."

அவன் வந்தான். குனிந்தான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். வாயைத் திறந்தான், மூடினான்.

அவன் வாய் மறுபடி திறப்பதற்குள் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

ரிப்பேருக்கா எடுத்துப் போகிறீர்கள்?

ஏழுமலை மெட்ராஸில் ஒரு ஃப்ளையிங் கிளப்பில் மெக்கானிக்காக இருந்தவன். அங்கேயே ஓட்டவும் கற்றுக்கொண்டான். எண்பதுகள் பிறந்த சமயத்தில் அந்த வேலையை உதறிவிட்டு, வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைத்த வரைபடங்களோடு திருப்பத்தூரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினான்.

"யக்கா, நானே ஒரு ஏரோப்ளேன் கட்டப் போறேன்" என்றான்.

மோர் கொடுத்தேன். வெயிலில் வந்ததால் அப்படிப் பேசுகிறான் என்று நினைத்தேன்.

ஆனால் கட்டினான். மரச்சட்டம், அதன்மேல் ப்ளைவுட், அதன்மேல் துணி, துணியின்மேல் டோப் என்கிற வார்னிஷ். அந்த டோப் நகப்பூச்சு மாதிரி நாறும். நாள் முழுக்க அதை முகர்ந்தால் தலை லேசாகச் சுற்றும், காரணம் இல்லாமல் சிரிப்பு வரும். அந்த மாதங்களில் நாங்கள் எல்லாரும் ஏன் அவ்வளவு சிரித்தோம் என்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

எஞ்சின் ஒரு பழைய வெளிநாட்டுக் காருடையது. தண்ணீர் கேட்காத, காற்றிலேயே குளிர்கிற எஞ்சின். முன்னால் ஓட்டுகிறவன். அவன் முதுகுக்குப் பின்னால் இன்னும் ஓர் ஆள். மேலே கூரை கிடையாது.

திருப்பத்தூரில் அதை நிறுத்த இடம் கிடைக்கவில்லை. "எங்க வூட்டு மேல வுழுந்தா யாரு பொறுப்பு?" என்று தெருவில் சண்டைக்கு வந்தார்கள். அப்போது அதற்குச் சக்கரம்கூட மாட்டவில்லை. சக்கரம் இல்லாதது எப்படிப் பறந்து எப்படி விழும் என்று கேட்டேன். பதில் சொல்ல ஆள் இல்லை, ஆனால் சண்டைக்கு மட்டும் மறுநாளும் வந்தார்கள்.

எங்கள் கடைக்கு எதிர்ப்பக்க மண்டிக்கு மலையிலிருந்து புளி கொண்டுவருகிறவர் வெள்ளையன். அவர்தான் வழி சொன்னார்.

"எங்க ஊருக்கு எட்தாங்க. மாசி வரைக்கும் கொட்டா காலியாத்தான் கீது. சாமை அறுத்த நெலம், பலகையாட்டம் நீட்டா கெடக்குது. எவன் இன்னா கேக்கப் போறான்?"

லாரியில் ஏற்றினோம். இறக்கைகளைக் கழற்றி இரண்டு பக்கமும் சாக்கு சுற்றிக் கட்டியிருந்தோம். மலை அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தினால் ஊரே சுற்றி நின்றது.

"இன்னாங்க இது, தேரா?" என்றார் ஒரு பெரியவர்.

"ஏரோப்ளேனு."

அவர் யோசித்தார். "ரிப்பேருக்கா எட்த்துனு போறீங்க?"

"ஆமாங்க. மேலதான் நல்ல மெக்கானிக் கீறாரு" என்றார் என் வீட்டுக்காரர். அவர் எதையும் சிரிக்காமல் சொல்வார். பெரியவர் சரி என்று தலையாட்டிவிட்டு, பத்திரமாகப் போகச் சொன்னார்.

ஆம்பள இல்லியா?

போன வாரம் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் இந்தப் பத்திரிகைக்கு எழுதிப் போட்டிருக்கிறார். ஒரு பெண், அதுவும் அந்தக் காலத்தில், ஸ்டார்ட்டர் மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டினாள் என்பதை நம்ப முடியவில்லையாம். நம்ப வேண்டாம். நான் அவர் நம்பிக்கைக்காகக் கட்டவில்லை, லாரி ஓட வேண்டும் என்று கட்டினேன்.

எங்களுடையது லாரி எலெக்ட்ரிக் கடை. என் வீட்டுக்காரர் வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்வார். நான் கடைக்குள் உட்கார்ந்து டைனமோ, ஸ்டார்ட்டர், பிளக் வேலை பார்ப்பேன். டிரைவர்கள் வந்து என்னைப் பார்த்துவிட்டு, "ஆம்பள இல்லியா?" என்பார்கள். "வண்டிக்கு அடியில கீறாரு, ஹார்ன் அடிங்க, வருவாரு" என்பேன். ஹார்ன்தான் ரிப்பேராக இருக்கும்.

எனக்கு ஒரு வகை ஆட்களைக் கண்டால் ஆகாது. இரண்டு வயரை முறுக்கி, மேலே டேப்பைச் சுற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று கையைத் தட்டுகிறவர்கள். டேப் சுற்றினால் வெளியே தெரியாது. அவ்வளவுதான் அதன் பயன். ஈயம் வை, மேலே ரப்பர் ஸ்லீவ் போடு, இழுத்துப் பார். நான் ஈயம் வைத்த ஒவ்வொரு வயரையும் பல்லால் கடித்து இழுத்துப் பார்ப்பேன். வந்தால் மறுபடி வைப்பேன்.

ஏழுமலை வயரிங் வேலையை என்னிடம் கொடுத்தபோது ஒரு வாக்கும் கொடுத்தான்.

"நீ வயரிங் பண்ணிக் குடுக்கா. பின் சீட்டு ஒனக்கு. மொதல்ல ஒன்னத்தான் ஏத்துவேன்."

அது அவனுக்கு ஒரு பேச்சு. எனக்கு அப்படி இல்லை. நான் விளக்கு மாட்டிய லாரிகள் பம்பாய் போயின, கல்கத்தா போயின. ராத்திரி முழுக்க நான் மாட்டிய வெளிச்சத்தில் ஓடின. நான் வேலூரைத் தாண்டியதில்லை. அந்த லாரிகள் ஒவ்வொன்றும் கிளம்பும்போது எனக்குள் ஒரு கோபம் வரும். யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் வரும். அந்தப் பின் சீட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

கொட்டகையின் வாசல் குறுகல். இறக்கையோடு விமானம் உள்ளே போகாது. சாயங்காலம் இறக்கைகளைக் கழற்றி உள்ளே வைக்க வேண்டும், காலையில் மாட்ட வேண்டும். ஆகவே இறக்கை உடம்போடு சேருகிற இரண்டு இடத்திலும் வயரைக் கழற்றி மாட்ட ஒரு பிளக் வேண்டும். ஏழுமலை மெட்ராஸில் பழைய சாமான் கடையில் ஒரு ஜோடி வாங்கி வைத்திருந்தான். கனம் இல்லாத தகர உடம்பு, மூன்று பின். இறக்கை நுனி விளக்குக்கு ஒரு பின், முன்னால் வெளிச்சம் அடிக்கிற பெரிய விளக்குக்கு ஒன்று, இறக்கைக்குள் இருக்கும் பெட்ரோல் டேங்கின் அளவைக் காட்டும் முள்ளுக்கு ஒன்று. கணக்கு சரி.

மலையில் கரண்ட் கிடையாது. கரி அடுப்பில் செப்பு மூக்குக் கம்பியைக் காயவைத்து ஈயம் வைத்தேன். ஒவ்வொரு பின்னுக்கும் பின்னால் குன்றிமணி உட்காருகிற அளவுக்கு ஒரு சின்னக் குழி. குழியில் ஈயத்தை உருக்கி, அது கண்ணாடி மாதிரி மின்னும்போது வயரை இறக்கி, மூச்சை நிறுத்தி, அது மங்குகிறவரை ஆடாமல் பிடிக்க வேண்டும். மங்கினால் உறைந்துவிட்டது என்று அர்த்தம். ஈயம் பிடிக்கத் தடவுகிற பேஸ்டின் புகை, கொட்டகைக்குள் பழைய புளியின் வாசனை, டோப் நாற்றம் மூன்றும் சேர்ந்து அடிக்கும். எனக்கு இன்றைக்கும் அதுதான் ஆகாயத்தின் வாசனை.

மூடிய வாய் திறந்தது

ஏழுமலை திறந்து மூடிய வாய்க்கு வருகிறேன்.

லாரியில் ஒரு விளக்குக்கு ஒரே வயர்தான். பேட்டரியிலிருந்து கரண்ட் அந்த வயரில் போகும். திரும்பி வர வயர் வேண்டாம், லாரியின் இரும்பு உடம்பே வழி. அதைத்தான் எர்த் என்போம். நாங்கள் பிறந்தது முதல் அப்படித்தான் செய்தோம். யாரும் யோசித்துச் செய்வதில்லை. விளக்கை போல்ட்டில் முடுக்கினால் எர்த் ஆகிவிட்டது.

விமானத்திலும் நான் அப்படியே செய்திருந்தேன். இறக்கை விளக்கின் எர்த்தை இறக்கைச் சட்டத்தில் ஒரு போல்ட் போட்டு முடுக்கினேன். வால் விளக்கின் எர்த்தை வால் சட்டத்தில். பின் சீட்டுக்குப் பின்னால் இருந்த லாரி பேட்டரியின் எர்த்தை, சுண்டுவிரல் மொத்தத்தில் ஒரு போல்ட் போட்டு, ஸ்ப்ரிங் வாஷர் வைத்து, வெகு அழகாக முடுக்கியிருந்தேன். மரத்தில்.

ஏழுமலையும் பார்த்தான். ஒவ்வொரு நாளும் பார்த்தான். "சூப்பரா முடுக்கியிருக்கக்கா" என்றுகூடச் சொன்னான். கிளப்பில் அவன் வேலை பார்த்த விமானங்கள் எல்லாம் அலுமினியம். அங்கேயும் உடம்புதான் எர்த். இங்கே இரும்பு என்று இருந்தது எஞ்சின் மட்டும், அதுவும் மரத்தில்தான் உட்கார்ந்திருந்தது. நான் லாரிக்காரி, அவன் விமானக்காரன், இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கட்டிலுக்கு எர்த் கொடுத்திருந்தோம்.

"யக்கா" என்றான்.

"சொல்லாத" என்றேன்.

"இது மரம்க்கா."

"சொல்லாதன்னு சொன்னேன்ல."

எனக்கு வந்த கோபத்துக்குக் கிளிப்பை அவன் காதில் கடிக்கவைத்தேன். அவன் காதில் கிளிப்போடு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். என் வீட்டுக்காரர் கொட்டகைக்குள்ளிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டார். நிதானமாகப் போய் வாசல் புளியமரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுலயும் ஒரு லைட்டு போட்டுடலாமா?" என்றார்.

அதற்குப் பிறகு எனக்கும் அடக்க முடியவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தோம். வெள்ளையண்ணன் வந்து, டோப்பு டின்னை மூடி வைக்கச் சொன்னார்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது ஏழுமலையின் முகம் மாறிவிட்டிருந்தது.

"இன்னாடா?"

"எல்லாத்துக்கும் ரிட்டன் வயரு இழுக்கணும்க்கா."

"இழுத்துட்டாப் போச்சு. பொதுவா ஒண்ணு இழுத்து அதுல எல்லாத்தையும் கொண்டாந்து சேக்கறேன்."

"லைட்டுக்கு சரி. ஸ்டார்ட்டருக்கு?"

ஸ்டார்ட்டருக்குப் போகிற கேபிள் கட்டைவிரல் மொத்தம், முழுச் செம்பு. பேட்டரி பின்னால், எஞ்சின் முன்னால். அந்த நீளத்துக்கு இன்னொரு கட்டைவிரல் மொத்தக் கேபிள் திரும்பி வர வேண்டும்.

"வெயிட்டு ஏறும்" என்றான். "ஏற்கெனவே நுனில நிக்குது. இதையும் போட்டா..." பின் சீட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு மலையைப் பார்த்தான்.

"என்ன ஏத்த மாட்டேன்னு சொல்றியா?"

"நான் சொல்லலக்கா, கணக்கு சொல்லுது."

"கணக்க என் முன்னாடி வந்து சொல்லச் சொல்லு."

என் வீட்டுக்காரர் மெல்ல, "சரி வுடுமே. சாமியே வாணாம்னு சொல்லுது போல" என்றார். நான் பறப்பதில் அவருக்கு முதலிலிருந்தே விருப்பம் இல்லை. நான் திரும்பிப் பார்த்த பார்வையில் மறுபடி புளியமரத்தின் பக்கம் போய்விட்டார்.

தராசுத் தட்டில் நான்

கணக்கை என் முன்னாடி வந்து சொல்லவைக்க ஒரு வழி இருந்தது. வெள்ளையண்ணனின் தராசு.

புளிச் சாக்கு நிறுக்கிற பெரிய தராசு. கொட்டகை உத்தரத்தில் சங்கிலி போட்டுத் தொங்கும். இரண்டு பக்கமும் ஆள் உட்காருகிற அளவுக்குப் பலகைத் தட்டு. மலைக்காரர்களைக் கீழே மண்டியில் தராசு வைத்தே ஏய்ப்பார்கள். ஒரு கை கொஞ்சம் நீளம், ஒரு கை கொஞ்சம் குட்டை என்று செய்து வைத்திருப்பார்கள். அதனால் வெள்ளையண்ணன் எந்தத் தராசையும் நம்ப மாட்டார், தன் சொந்தத் தராசு உட்பட. எதையும் ஒரு தடவை இந்தத் தட்டில் வைத்து நிறுப்பார். பிறகு பொருளையும் கல்லையும் தட்டு மாற்றி வைத்து இன்னொரு தடவை நிறுப்பார். இரண்டும் ஒத்துப்போனால்தான் வாயைத் திறப்பார்.

ஏழுமலை, பின் சீட்டு ஆளுக்கும் கரண்ட் சாமான்களுக்கும் சேர்த்து எவ்வளவு தாங்கும் என்று சொன்னான். அந்த எடைக்குக் கல் ஒரு தட்டில். அடுத்த தட்டில் பேட்டரி, கழற்றிய ஸ்டார்ட்டர், கேபிள், புது வயர் சுருள், பிளக்குகள், விளக்குகள். அவற்றின் நடுவில் முட்டியைக் கட்டிக்கொண்டு நான்.

என் தட்டு சொத்தென்று தரையில் உட்கார்ந்தது.

கொட்டகை வாசலில் ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். "யம்மா எந்த மண்டிக்குப் போவுது?" என்று ஒருத்தி கேட்டாள். மற்றவர்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

"தட்ட மாத்து" என்றார் வெள்ளையண்ணன்.

மாற்றினோம். மறுபடி சொத்.

அவர் தாடையைச் சொறிந்தார். "தராசு மேல தப்பு இல்லீங்க யம்மா."

"அப்ப யாரு மேலன்னு சொல்ல வர்றீங்க?"

"நான் இன்னா சொன்னேன்? தராசு மேல இல்லன்னு மட்டும்தான் சொன்னேன்."

தட்டிலிருந்து இறங்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து, ஒவ்வொரு சாமானாக எடுத்துப் பார்த்தேன். முதலில் இறக்கையின் பெரிய விளக்குகள் இரண்டையும் தூக்கி வெளியே வைத்தேன். "பகல்ல பறக்கறவனுக்கு இது எதுக்குடா?" அதில் இன்னொரு லாபம் இருந்தது. மூன்று பின் பிளக்கில் அந்த விளக்குக்குக் கொடுத்த பின் காலியாகும். ரிட்டன் வயருக்கு அதையே வைத்துக்கொள்ளலாம்.

தட்டு அசையவில்லை.

பிறகு ஸ்டார்ட்டரை எடுத்தேன். அது என் ஸ்டார்ட்டர். எரிந்து கருகி வந்ததை, பழைய காயிலை எல்லாம் பிய்த்து எறிந்துவிட்டு, கம்பி கம்பியாக நான் கட்டியது. கடையில் பேட்டரியில் வைத்துப் பார்த்தபோது பம்பரமாகச் சுற்றியது. அதை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்.

"மேக்னெட்டோ தனியாத்தானே கீது?" என்று கேட்டேன். எஞ்சினுக்குப் பொறி கொடுப்பது மேக்னெட்டோ. அதற்குப் பேட்டரி வேண்டாம். எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால் அதுவே பொறி விடும்.

"ஆமா."

"அப்ப முன்னாடி காத்தாடியக் கையால சுத்தினா ஸ்டார்ட் ஆயிடும்."

"ஆவும். ஆனா..." அவன் ஸ்டார்ட்டரைப் பார்த்தான். "நீ கட்டினதாச்சேக்கா."

"நான் கட்டினேன், நானே கழட்டறேன். இது ஏறினா நான் ஏற முடியாது. எனக்கு இதவிட என்னத்தான் புடிச்சிருக்கு."

ஸ்டார்ட்டர் வெளியே போயிற்று. அது போனதும் கட்டைவிரல் கேபிளுக்கு வேலை இல்லை. லாரி பேட்டரிக்கும் வேலை இல்லை, விளக்குக்கும் பெட்ரோல் முள்ளுக்கும் ஒரு மோட்டார் சைக்கிள் பேட்டரி போதும். முன்னால் ஒரு கனம் குறைந்தால் பின்னாலும் ஒன்று குறைய வேண்டும், இல்லாவிட்டால் மூக்கு தூக்கிக்கொள்ளும் என்றான் ஏழுமலை. அதுவும் தானாக அமைந்தது.

கேபிளையும் பேட்டரியையும் வெளியே வைத்துவிட்டு, சின்ன பேட்டரியின் எடைக்கு ஒரு கல்லை வைத்ததும் தட்டு மெல்ல எழுந்தது. தராசு முள் நடுவுக்கு வந்து, கொஞ்சம் என் பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஒரு விரல் அளவு. நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அதனால் எடை குறையாது என்று எனக்கும் தெரியும்.

"யக்கா, இடுப்புல இன்னா?" என்றான் ஏழுமலை.

கை வைத்துப் பார்த்தேன். கட்டிங் பிளேயர். பக்கத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவர். கொசுவத்துக்குள் ஒரு ஸ்பேனர். முந்தானை முடிச்சில் ஒரு கைப்பிடி நட்டும் வாஷரும். ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் போட்டேன். போடப் போட வாசலில் சிரிப்புக் கூடியது. கடைசி வாஷர் விழுந்ததும் முள் நேரே நின்றது.

"தட்ட மாத்து" என்றார் வெள்ளையண்ணன்.

மாற்றினோம். நேரே நின்றது.

தரையில்தான் ஓட்டினோம்

பிளக்குகளைத் திறந்து மறுபடி ஈயம் வைத்தேன். பெரிய விளக்கின் வயரை உருவிவிட்டு அந்தக் குழியில் ரிட்டன் வயரை இறக்கினேன். பல்லால் இழுத்துப் பார்த்தேன். ஸ்விட்சைப் போட்டேன். இடது இறக்கையில் சிவப்பு எரிந்தது. வலது இறக்கையில் பச்சை எரிந்தது. வாலில் வெள்ளை. பெட்ரோல் முள் துள்ளி எழுந்தது. ஏழுமலை என் தலையைத் தொட்டுவிட்டுப் போனான். நான் அக்கா, அவன் தம்பி. முறைப்படி திட்டியிருக்க வேண்டும். விட்டுவிட்டேன்.

பறப்பதற்கு அனுமதி தனியாக வாங்க வேண்டும். அது வரவில்லை. தரையில் ஓட்டிப் பார்ப்பதைத் தடுக்க ஆள் இல்லை. ஆகவே ஒரு நாள் காலை நாங்கள் தரையில்தான் ஓட்டினோம். இன்றைக்கும் யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

காத்தாடியைச் சுற்ற ஆள் வேண்டும். ஏழுமலை முன் சீட்டில், நான் பின் சீட்டில், வெள்ளையண்ணன் வாலைப் பிடித்துக்கொண்டிருந்தார். மிஞ்சியது என் வீட்டுக்காரர்.

"மாமா, நான் சொன்னதும் கீழ இழுத்து வுட்டுட்டு உடனே பின்னால வந்துடணும்."

"இழுத்துடுவேன் மாப்ள. வர்றதுக்குக் காலு இருக்கணும்ல."

"யோவ், இழுய்யா" என்றேன் நான்.

இழுத்தார். இருமியது. மறுபடி இழுத்தார். இருமியது. மூன்றாவது முறை சாமியைக் கூப்பிட்டு, என் பெயரைச் சொல்லி ஏதோ முனகிக்கொண்டு இழுத்தார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. சாமைத் தாள் எல்லாம் பின்னால் பறந்தது. என் வீட்டுக்காரர் திரும்பி ஓடினார். பாதுகாப்பான தூரத்தைத் தாண்டியும் ஓடினார். காட்டின் ஓரம் வரை ஓடிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தார்.

வெள்ளையண்ணன் வாலை விட்டார். நிலம் எங்களுக்குக் கீழே தடதடவென்று ஓட ஆரம்பித்தது. பல்லெல்லாம் ஆடியது. பிறகு தடதடப்பு நின்றுவிட்டது. எஞ்சின் நின்றுவிட்டது என்று நினைத்தேன். எஞ்சின் ஓடியது. நடுவில் கொஞ்ச தூரம் தரைதான் எங்களோடு வரவில்லை.

ஏழுமலை திரும்பி என்னவோ கத்தினான். "பாத்தியாக்கா?" என்று காதில் விழுந்தது.

"பாத்தேன். அசையல" என்று கத்தினேன்.

அவனுக்குப் புரியவில்லை. மறுபடி தடதடப்பு வந்தது. நிலத்தின் கடைசியில் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே ஓடிவந்து நின்றோம். ஏழுமலை எஞ்சினை நிறுத்தவில்லை. மெதுவாக ஓடவிட்டுவிட்டு இறங்கினான், தரையைத் தொட்டான், குதித்தான், வெள்ளையண்ணனைக் கட்டிப்பிடித்தான். வெள்ளையண்ணன் அவனை விலக்கிவிட்டு என்னிடம் வந்தார்.

"மேலேந்து எங்க வூடு தெரிஞ்சுதா யம்மா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வீட்டைப் பார்க்கவில்லை. மலையைப் பார்க்கவில்லை. ஒன்றையும் பார்க்கவில்லை. சீட்டில் உட்கார்ந்தது முதல் இடது இறக்கைப் பிளக்கின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து வருகிற ரிட்டன் வயர் அதிர்வில் ஆடுகிறதா என்று மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு பாடுபட்டு ஏறினேன். ஏறி, ஒரு பிளக்கைப் பார்த்துவிட்டு இறங்கப் போகிறேன்.

"பிளக்கத்தான் பாத்தேன்" என்றேன்.

ஏழுமலை தரையில் விழுந்து சிரித்தான். காட்டோரத்திலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்த என் வீட்டுக்காரர், "இதுக்குக் கடையிலயே ஒக்காந்து பாத்திருக்கலாமே" என்றார்.

"நான் எறங்கல" என்றேன்.

"இன்னாது?"

"எறங்க மாட்டேன். இன்னொரு தரம் போடா. இந்தத் தடவ ஊரப் பாக்கறேன்."

"பெட்ரோலு, நேரம், காத்து..." என்று ஆரம்பித்தான். என் முகத்தைப் பார்த்தான். ஏறி உட்கார்ந்துவிட்டான். பிளக்கின் மூடியை நானே போட்டு முடுக்கினேன்.

இரண்டாவது தடவை தடதடப்பு நின்றதும் தலையைத் தூக்கினேன். பலாமரங்களின் உச்சி என் தோள் மட்டத்தில் வந்து போயிற்று. காற்று கண்ணில் அடித்துத் தண்ணீர் கொட்டியது. வெள்ளையண்ணன் வீட்டுக் கூரை கீழே தெரிந்தது. முற்றத்தில் காயவைத்த தானியத்தின் நடுவில் கோழிகள் நாலு பக்கமும் தெறித்து ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் அவர் பெண்சாதி நின்றாள். ஒரு கை இடுப்பில், ஒரு கையில் துடைப்பம். அண்ணாந்து எங்களைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள். வாய் போகிற வேகத்தில் நல்ல திட்டு என்று தெரிந்தது.

நான் எழுந்து பாதி நின்றுகொண்டு, எனக்குத் தெரிந்ததை எல்லாம் எடுத்து அவளைத் திட்டினேன். அவள் துடைப்பத்தை உயர்த்தினாள். நானும் கையை உயர்த்தினேன். ஏழுமலை உட்காரச் சொல்லிக் கத்தினான். எஞ்சின் சத்தத்தில் அவள் பேசியது எனக்குக் கேட்கவில்லை, நான் பேசியது அவளுக்குக் கேட்டிருக்காது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதுவரை யாரையும் திட்டியதில்லை.